பெருமாளுக்கு முன்னால் சாப்பிட்டவள்

என் தங்கை மாளவிகாவைப் பற்றி அவள் புகுந்த வீட்டுச் சொந்தக்காரர்களிடம் கேட்டால் ஒரே ஒரு சங்கதியைத்தான் சொல்வார்கள். பெருமாளுக்குப் படைப்பதற்கு முன்னால் புளியோதரையை அள்ளிச் சாப்பிட்டவள். அதுவும் நிறைமாதத்தில், விடிந்தும் விடியாமலும். சங்கதி உண்மைதான். ஏன் சாப்பிட்டாள் என்பதை மட்டும் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். அதை நான் சொல்கிறேன். நிதானமாகச் சொல்லும்படி எங்கள் அப்பா கேட்டுக்கொண்டிருக்கிறார். முடிந்தவரை பார்க்கிறேன்.

நாங்கள் மந்தைவெளியில் வளர்ந்தவர்கள். மாளவிகா பிளஸ் ஒன் படிக்கும்போது அம்மா போய்விட்டாள். மெடிக்கல் சீட் கைக்கு எட்டவில்லை, விலங்கியல் எடுத்தாள். கிடைத்ததைப் படிக்கிறாள் என்று ஊர் நினைத்தது. அவளோ கரப்பான்பூச்சியைக்கூட ஆசையாக அறுப்பாள். பிறகு தரமணியில் ஆறு வருஷம் ஆராய்ச்சி. கர்ப்பமாக இருக்கும் எலிகளின் கர்ப்பப்பையில் ஈஸ்ட்ரோஜன் ஏற்பிகள் எப்போது கூடுகின்றன, எப்போது குறைகின்றன என்பதுதான் தலைப்பு. ஃபார்மலின் நாற்றத்தோடு வீட்டுக்கு வந்து தலைக்குக் குளித்துவிட்டு மறுபடியும் அதையே பேசுவாள்.

எனக்கு சாஃப்ட்வேர் வேலை. எலிக்கும் எனக்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் கேட்டுக் கேட்டு எனக்கே பாடமாகிவிட்டது. கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும். ஆனால் ஹார்மோன் இருந்தால் மட்டும் போதாது, அதை வாங்கிக்கொள்ள செல்லுக்குள் ஏற்பி வேண்டும். கர்ப்பப்பைத் தசையில் அந்த ஏற்பிகள் மாதக்கணக்கில் அடங்கிக் கிடக்கும். பிரசவம் நெருங்கும்போதுதான் பெருகும். தண்ணீர் லாரி தெருமுனையில் நின்று ஹாரன் அடித்தாலும், குடத்தை எடுத்துக்கொண்டு யாரும் இறங்காத வீட்டுக்கு ஒரு சொட்டுகூட வராது இல்லையா, அதுபோல. குடங்கள் வெளியே வந்த பிறகுதான் தசை விழிக்கும், வலி எடுக்கும். "எலில நான் கண்ணால பார்த்தேன்க்கா. மனுஷா விஷயத்துல இன்னும் சிக்கல் ஜாஸ்தி. ஆனா ஒண்ணு நிச்சயம். கர்ப்பப்பை சும்மா தூங்கிண்டு இல்ல, காத்துண்டு இருக்கு" என்பாள்.

பெண் பார்க்க வந்த அன்று ஸ்ரீரங்கன் மாமா பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "எதுல ஆராய்ச்சி?" என்று கேட்டார். மத்திய அரசுக் கணக்கு அலுவலகத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். மயிலாப்பூரில் சொந்த ஃப்ளாட், ஒரே பிள்ளை ஸ்ரீநாத்தான் மாப்பிள்ளை.

"எலியோட கர்ப்பப்பைல, மாமா."

பஜ்ஜி தட்டுக்குத் திரும்பிப் போயிற்று. "பயோன்னு சொல்லிக்கலாம்" என்றார். கல்யாணப் பத்திரிகையில் மட்டும் 'டாக்டர்' என்று கொட்டை எழுத்தில் போட்டுக்கொண்டார். அதை நம்பி, கல்யாண மண்டபத்திலேயே அவர்கள் வீட்டு மாமி ஒருத்தி மாளவிகாவிடம் முழங்கால் எக்ஸ்ரேயைக் காட்டினாள். பட்டம் வேண்டும், பட்டம் வாங்கிக் கொடுத்த எலி வேண்டாம். அப்போதே நான் விழித்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. போகட்டும்.

மாளவிகா அடையாறில் ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தப் போனாள். கல்யாணமாகி மூன்றாம் வருஷம் உண்டானாள். ஒரு வாந்தி கிடையாது, சர்க்கரை கிடையாது, பிரஷர் கிடையாது. தி. நகரில் ஒரு நர்சிங் ஹோமில் காட்டிக்கொண்டிருந்தார்கள். டாக்டர் அம்மா ஒவ்வொரு முறையும் "எல்லாம் நார்மல்" என்றார். தானாக வலி வந்து பிள்ளை பெற வேண்டும் என்பது மாளவிகாவுக்கு ஆசை. ஆறு வருஷம் எலியில் பார்த்ததைத் தன் உடம்பில் பார்க்கப் போகிறோம் என்று சின்னப் பிள்ளை மாதிரி காத்திருந்தாள்.

தலைப்பிரசவத்துக்குப் பெண் பிறந்த வீட்டுக்கு வருவதுதான் வழக்கம். எங்களுக்கு அம்மா இல்லை. அப்பா என்னோடு வேளச்சேரியில் இருக்கிறார். நான் மயிலாப்பூருக்குப் போய் அழைத்தேன். மாமா சிரித்தார். "வேளச்சேரியா? ஐப்பசி மழைல ஆஸ்பத்திரிக்குப் படகுலயா அழைச்சுண்டு போவே?" என்றார். கூடத்தில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். ஸ்ரீநாத்தும் சிரித்தான்.

சீமந்தம் முடிந்து சில நாள் கழித்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் திடீரென்று வாழ்த்துகள் குவிந்தன. 'திருவோணத்தில் பிறக்கப் போகும் குழந்தைக்கு ஆசீர்வாதங்கள்.' பெங்களூரில் இருந்து ஒரு அத்தை, ஹூஸ்டனில் இருந்து ஒரு சித்தப்பா. மாளவிகா கல்லூரி ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்து அதைப் படித்தாள். தன் வயிற்றைக் கிழிக்க நாள் குறித்தாகிவிட்டது என்பதைத் தெருவில் போகிறவன் மாதிரி வேடிக்கை பார்த்துத் தெரிந்துகொண்டாள். அதை நினைத்தால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத் தோன்றுகிறது.

நடந்தது இதுதான். எதிர்பார்க்கும் தேதியை ஒட்டி வரும் நட்சத்திரங்கள் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஆயில்யம் ஆகாது, கேட்டை ஆகாது, மூலம் கூடவே கூடாது. பிள்ளையாக இருந்தால் ரோகிணி மாமனுக்கு ஆகாது. ஆணா பெண்ணா என்று பார்ப்பது சட்டப்படி குற்றம் என்பதால் இரண்டு பக்கத்துப் பயத்தையும் சேர்த்துப் பட்டார். கடைசியில் நங்கநல்லூர் ஜோசியர் திருவோணத்தைப் பிடித்துக் கொடுத்தார். பெருமாளின் நட்சத்திரம், காலை ஏழரைக்கு மேல் நல்ல லக்னம். என்ன, அது மூன்று வாரம் முன்னால் வருகிறது. அதனால் என்ன, அறுத்து எடுத்துவிடலாம்.

டாக்டர் அம்மாவைச் சம்மதிக்க வைக்க மாமா சிரமப்படவே இல்லை. நல்ல நட்சத்திரம் உள்ள காலைகளில் அந்த நர்சிங் ஹோமில் ஆபரேஷன் தியேட்டருக்குக் கல்யாண மண்டபம் மாதிரி முன்பதிவு நடக்கிறது. நானே போய்க் கேட்டேன். "முப்பத்தேழு வாரம் முடிஞ்சுடறது. பயப்படறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்தக் கடைசி மூன்று வாரத்தில்தானே நுரையீரல் தேறும், அறுத்து எடுத்த குழந்தைக்கு மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள் என்றேன். "அதுக்குத்தான் இங்க இன்குபேட்டர் இருக்கே" என்றார். இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு நிதானமாக இருப்பவர் யாராவது இருந்தால் எனக்குக் காட்டுங்கள். கும்பிடுகிறேன்.

மாளவிகா ஸ்ரீநாத்திடம்தான் போனாள். வேறு யாரிடம் போவாள்? ஒரு நாள் இல்லை, தினமும். காகிதத்தில் படம் போட்டுக்கூட விளக்கினாள். "என் உடம்பு இன்னும் தயாராகல. ஹார்மோன் ஓடிண்டிருக்கு, வாங்கிக்க ரிசப்டார் இன்னும் ஏறல. அது ஏறறப்ப குழந்தையும் தயாரா இருக்கும். நடுவுல கத்தியை வெக்கறதுக்கு ஒரு காரணமும் இல்ல. நீ ஒரு வார்த்தை அப்பாகிட்ட சொல்லு."

"அப்பா யோசிக்காம எதுவும் செய்ய மாட்டார், மாளு" என்பான். இல்லாவிட்டால் "நீ கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோயேன்" என்பான். கெட்டவன் இல்லை. அடிக்க மாட்டான், திட்ட மாட்டான், குடிக்க மாட்டான். இந்த மாட்டான்களை எல்லாம் கூட்டிக் கழித்தால் ஒரு புருஷன் வருவான் என்று எங்கள் அப்பா நம்பியிருந்தார்.

அவளுடைய மாமியார் ஜெயலக்ஷ்மி மாமி திருவோணத்தன்று விடியற்காலை எழுந்து, மடியாகச் சமைத்தாள். பெருமாளுக்குச் சக்கரைப் பொங்கலும் புளியோதரையும். பேரனோ பேத்தியோ பிறந்த கையோடு எல்லாருக்கும் பிரசாதம் கொடுக்க வேண்டும் என்று எண்ணம். நானும் அங்கேதான் இருந்தேன். கடைசி முறையாகச் சண்டை போட்டுப் பார்க்கலாம் என்று முந்தின நாளே வந்து, கூடத்து சோபாவில் படுத்திருந்தேன். மயக்க மருந்து கொடுப்பதால் ராத்திரிக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது என்று நர்சிங் ஹோமில் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

மாளவிகா குளித்துவிட்டு வந்தாள். மாமா வெளுத்த வேட்டி கட்டி, நெற்றியில் திருமண் இட்டுக்கொண்டு, கார் சாவியோடு நின்றார். ஸ்ரீநாத் பையைத் தூக்கிக்கொண்டு நின்றான். அவள் யாரையும் பார்க்காமல் சமையலறைக்குள் போனாள். பித்தளை உருளியைத் திறந்தாள். ஒரு தட்டில் புளியோதரையை நாலு கரண்டி போட்டாள். சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டாள்.

"பெருமாளுக்கு இன்னும் கண்டருளப் பண்ணலையேடி!" மாமி அலறினாள்.

"பெருமாள் ஒண்ணும் பசியோட இல்லம்மா" என்றாள் மாளவிகா. வேர்க்கடலையை ஒவ்வொன்றாக மென்றாள்.

மாமாவுக்குத்தான் முதலில் புரிந்தது. முகம் கறுத்தது. "சாப்ட்டுட்டாளே! டாக்டர் மயக்க மருந்து கொடுக்க மாட்டாளே!" என்றார். நர்சிங் ஹோமுக்கு போன் போட்டார். வயிறு நிறையச் சாப்பிட்டிருந்தால் ஆறு மணி நேரமாவது போக வேண்டும் என்றார்கள். லக்னம் போயிற்று. பிற்பகலில் ராகு காலம். சாயங்காலத்துக்கு அந்தத் தியேட்டரில் வேறு ஒரு வீட்டுக்காரர்கள் நேரம் பிடித்திருந்தார்கள்.

"அகங்காரம்! படிச்ச அகங்காரம்! எலியை அறுத்தவளைக் கொண்டு வந்தா இப்படித்தான்!" மாமா கத்தினார். "குழந்தைக்கு ஏதாவது ஆச்சுன்னா நீதான் பொறுப்பு."

"ஆமா, நான்தான் பொறுப்பு. இத்தனை நாளா அதைத்தான் சொல்லிண்டிருக்கேன்" என்றாள். எழுந்து போய் இன்னொரு கரண்டி போட்டுக்கொண்டு வந்தாள்.

ஸ்ரீநாத் பையைக் கீழே வைத்தான். அவ்வளவுதான் அவனால் முடிந்தது. நான் அந்தப் பையை எடுத்துக்கொண்டேன், அவளை அழைத்துக்கொண்டு வேளச்சேரிக்கு வந்துவிட்டேன்.

மூன்று வாரம் மழை கொட்டியது. எங்கள் தெருவில் கணுக்கால் தண்ணீர் நின்று வடிந்தது, படகு தேவைப்படவில்லை. அடையாறில் வேறு ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினோம். அங்கே இருந்த டாக்டர் ஆஃப்ரீன் சின்னப் பெண். "குழந்தை நல்லா இருக்கு, அம்மாவும் நல்லா இருக்காங்க, எதுக்கு அவசரம்?" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்காக என் தங்கை ஒரு வீட்டை விட்டு வெளியே வரவேண்டியிருந்தது. ஸ்ரீநாத் ஆபீஸ் முடிந்து தினமும் வந்தான். ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, ஆரஞ்சுப் பழம் மாதிரியே உட்கார்ந்துவிட்டுப் போனான். அப்பாவிடம் பேசினாயா என்று அவள் கேட்பாள். "பேசணும்" என்பான்.

சொன்ன தேதி வந்தது, போயிற்று. வலி வரவில்லை. மாமா போன் செய்தார். நான் திட்டு வாங்கத் தயாராக எடுத்தேன். குரலில் தேன் வழிந்தது. "ஷ்ரேயா, அவசரப்பட வேண்டாம்னு டாக்டர்கிட்ட சொல்லும்மா. இன்னும் அஞ்சாறு நாள் தாங்கினா அடுத்த திருவோணம் வந்துடும்."

மூன்று வாரம் முன்னால் எடு என்றவர், இப்போது நாள் தள்ளு என்கிறார். நான் போனை வைத்துவிட்டேன். வாயைத் திறந்திருந்தால் எங்கள் அப்பா எதிரில் சொல்லக் கூடாத வார்த்தைகள் வந்திருக்கும்.

குழந்தை திருவோணத்துக்குக் காத்திருக்கவில்லை. ஒரு காலை மாளவிகா பல் தேய்க்கும்போது வாஷ் பேசினைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ஆரம்பிச்சாச்சு" என்றாள். முகத்தில் பயம் இல்லை. ஒரு மாதிரி சிரித்தாள். "குடம் எல்லாம் வெளில வந்தாச்சு" என்றாள். அடுத்த வலியில் என் கையை நெரித்ததில் மோதிரம் பதிந்தது.

மறுநாள் காலை ஒன்பதே காலுக்குப் பெண் பிறந்தது. கத்திய கத்தல் பிரசவ அறைக்கு வெளியே இருந்த எனக்குக் கேட்டது. ஆயாவாக இருந்த கங்கம்மா, சாந்தோம் கடற்கரைக்காரி, கதவைத் திறந்து, "பொண்ணு பொறந்துகீது. இன்னா கத்து கத்துது பாரு! லைட்ஹவுஸ் வரிக்கும் கேக்கும்" என்றாள். அந்த நுரையீரலைத்தான் மூன்று வாரம் முன்னால் இன்குபேட்டருக்குள் போட்டுவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நான் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதேன். ஸ்ரீநாத்தும் அழுதான். அவன் அழுகைக்கு நான் சமாதானம் சொல்லவில்லை.

மாமாவுக்கு நான்தான் போன் செய்தேன். குழந்தை எப்படி இருக்கிறது, அம்மா எப்படி இருக்கிறாள், ஒன்றும் இல்லை. "எத்தனை மணிக்கு?" என்றார். சொன்னேன். பக்கங்கள் புரளும் சத்தம் கேட்டது. பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார் என்று புரிந்தது.

"மூலம்" என்றார். "ஒண்ணாம் பாதம். தகப்பனுக்கு ஆகாது." பின்னால் மாமி "ஐயோ, ஸ்ரீநாத்!" என்று வீறிட்டது கேட்டது. பிறகு அவரே கேட்டார், "ஆஸ்பத்திரி கடிகாரம் சரியா ஓடறதா?"

"ஓடறது, மாமா."

"ஒன்பது மணி வரைக்கும் கேட்டைதான். ஒன்பதுக்கு முன்னாடின்னு வெச்சுப்போம். கேட்டைன்னா தோஷம் அவளுக்கு வரப்போற ஆம்படையானோட அண்ணாவுக்குத்தான். அதை அப்பறம் பார்த்துக்கலாம்."

பிறந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத குழந்தை. அதற்கு ஒரு புருஷன், புருஷனுக்கு ஒரு அண்ணன், அந்த அண்ணன் தலையில் தோஷத்தை ஏற்றியாகிவிட்டது. எவன் பெற்ற பிள்ளையோ, பாவம்.

பதினோராம் நாள் புண்யாகவாசனமும் பெயர் வைப்பதும் மயிலாப்பூர் வீட்டில்தான் நடக்க வேண்டும் என்றார்கள். மாளவிகா ஒத்துக்கொண்டாள். "பேர் ஹம்சினி. அதை யாரும் மாத்தக் கூடாது. மத்ததெல்லாம் அவா இஷ்டம்" என்றாள். நேரத்தை மாற்றும் யோசனையை ஸ்ரீநாத் அவளிடம் சொல்லியிருந்தான். சொல்லிவிட்டு வழக்கம்போல, "அப்பா மனசு சமாதானமாயிடும்" என்றிருக்கிறான். அவள் எழுந்து குழந்தைக்குத் துணி மாற்றப் போய்விட்டாளாம்.

கூடத்தில் முப்பது பேர் இருந்தார்கள். வாத்தியார் எல்லாரையும் சற்றுத் தள்ளி உட்காரச் சொன்னார். ஸ்ரீநாத் பஞ்சகச்சத்தில், விரலில் தர்ப்பைப் பவித்திரத்தோடு மணையில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மாளவிகா, மடியில் குழந்தை. அவளுக்குப் பின்னால் நான். வாத்தியார் மந்திரத்தை நிறுத்தி, "குழந்தை நட்சத்திரம்?" என்றார்.

"கேட்டை, நாலாம் பாதம்" என்றார் மாமா, நாற்காலியில் இருந்தபடியே.

"மூலம்" என்றாள் மாளவிகா. சத்தம் போடவில்லை. ஆனால் சமையல்காரர் வரைக்கும் கேட்டிருக்கும்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாது. மயக்கத்துல இருந்தா" என்றார் மாமா.

"நான் மயக்கத்துல இல்ல, மாமா. மயக்கம் கொடுக்கத்தானே விடல. என் பொண்ணு எப்ப பொறந்தான்னு என்னை விட யாருக்குத் தெரியும்? பொறந்த நேரத்துக்கே பொய் சொல்லி இவளுக்குப் பேர் வெக்க வேண்டாம்."

வாத்தியார் இருவரையும் பார்த்தார். பிறகு ஸ்ரீநாத்தைப் பார்த்தார். "சங்கல்பம் பண்ணிக்கறது நீங்கதானே. பெத்த தகப்பனார் வாயால வரட்டும். சொல்லுங்கோ."

ஸ்ரீநாத் பவித்திரத்தைத் திருகினான். அப்பாவைப் பார்த்தான். அவர் 'கேட்டை' என்று உதட்டை அசைத்தார். இவன் கேட்டை என்றுதான் சொல்லப் போகிறான் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மூலம்" என்றான். மறுபடியும் சொன்னான். "மூலம், ஒண்ணாம் பாதம்."

"உனக்குடா ஆகாது! உன் உசிருக்குடா!" மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுகை பொய் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"எனக்குத்தானேம்மா. இருந்துட்டுப் போகட்டும்" என்றான்.

மாமா எழுந்தார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். வாத்தியார் சங்கல்பத்தை முதலில் இருந்து தொடங்கினார். குழந்தையின் காதில் பெயர் சொல்லும் நேரம் வந்தது. எல்லாரும் மாளவிகாவைப் பார்த்தார்கள். அவள் உருகுவாள், கண் கலங்குவாள், புருஷன் கையைப் பிடித்துக்கொள்வாள் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது. அவள் முகம் புளியோதரை தின்ற அன்று இருந்த மாதிரியேதான் இருந்தது. ஹம்சினியைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள். குனிந்து, பின்னால் இருந்த எனக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இத்தனை நாளா கத்திண்டிருந்தேன். இன்னிக்குத்தான் காது முளைச்சுதா உனக்கு? தலையைத் தாங்கிப் பிடி."